முனிலட்சுமிக்குக் கபம் வேண்டும்

வைத்தியர் வர ஒரு வாரம்தான் இருந்தது. முனிலட்சுமிக்கோ சளி பிடிக்கவே மாட்டேன் என்றது.

காலையில் எருமைத் தயிர் ஊற்றிய பழைய சோறு, ராத்திரி வாழைப்பழம், தலைக்குக் குளித்த ஈரத்தோடு கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஒரு தும்மல்கூட வரவில்லை.

புது ஜி.எம். வந்த பிறகு ஆரம்பித்த கூத்து இது. அவருடைய வயிற்றுப் புண்ணை ஆனேக்கல் திம்மப்ப வைத்தியர் ஆற்றிவிட்டாராம். ஒருத்தர் வயிறு ஆறியதற்காக ஓசூரில் ஒரு கம்பெனி முழுக்கக் கையை நீட்டி நாடி காட்ட வேண்டும். வாதம், பித்தம், கபம் என்று ஆட்களைப் பிரித்து, அவரவர் உடம்பு பார்த்து வேலையிடம் மாற்றப் போகிறார்களாம்.

முனிலட்சுமி பி.எஸ்சி. வேதியியல். உத்தனப்பள்ளியில் அவள் தெருவிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அந்தப் பட்டத்துக்கு இந்த மீட்டர் கம்பெனி செய்த மரியாதை ஓவன் ஷெட். பெயிண்ட் அடித்த டயல்களைத் தட்டில் அடுக்கி ஓவனுக்குள் தள்ள வேண்டும், காய்ந்ததும் இழுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே. சாயங்காலம் முகம் கருவாடாகிவிடும்.

எதிரில் ஏசி ஹால். அங்கே பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டருக்கு முள் பொருத்துவார்கள். ஏசியும் அவர்களுக்காக வைத்ததில்லை, முள்ளில் தூசி படாமலிருக்க வைத்தது. முள்ளுக்கு இருக்கும் மதிப்பு மனுஷிக்கு இல்லை என்று முனிலட்சுமி பலமுறை சண்டை போட்டிருக்கிறாள். கோபக்காரி என்ற பெயர்தான் மிச்சம்.

ஏசி ஹாலில் இருக்கும் ஜெபசீலிதான் பஸ்ஸில் வழி சொன்னாள்.

"எங்க ஹால்ல இருக்கறவங்களப் பாருடி. எல்லாம் பூசுன உடம்பு. அதிர்ந்து பேச மாட்டாங்க. சாப்பிட்டா தூக்கம். அத்தனையும் கபம். நீ குச்சி மாதிரி இருக்க, வாயத் தொறந்தா சண்டை. சுத்தப் பித்தம். உன்ன எவன் உள்ள விடுவான்?"

அன்றே முனிலட்சுமி கபமாக மாறுவதென்று முடிவு செய்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் ராமப்பன் வழக்கம்போல் அதட்டியபோது, "சரிங்க சார்" என்றாள். ராமப்பன் பயந்துபோய், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பயம் அன்றைக்கு மட்டும்தான். அதன்பின் லீவு போட்டவர்களின் தட்டுகளெல்லாம் அவள் தலையில் விழுந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வேலை கூடியதில் உடம்பு இன்னும் இளைத்தது. இளைத்தால் பித்தம் தெரிந்துவிடுமே என்று உளுந்துக் களி, இன்னும் தயிர், லீவு நாளில் பகல் தூக்கம். கடைசியில் நெஞ்சு நிறையச் சளி கட்டியது. முனிலட்சுமி ஆனந்தமாக இருமினாள்.

இருமலைக் கேட்ட அவள் அம்மா கெம்பம்மா சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். பாடுபட்டுச் சேர்த்த சளியைக் கரைக்க முனிலட்சுமிக்கு மனம் வரவில்லை. மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். கெம்பம்மா பார்த்துவிட்டாள். மகள் மெதுவாக நடக்கிறாள், ராத்திரியில் தயிர் தேடுகிறாள், பகலில் தூங்கி வழிகிறாள், மருந்தைக் கொட்டுகிறாள். கெம்பம்மாவின் கணக்கு வேறு பக்கம் போனது.

"யாருடி அவன்?"

பழைய முனிலட்சுமியாக இருந்தால் சட்டி பறந்திருக்கும். கபக்காரி கோபப்படக் கூடாது. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் பதமாக.

அந்தப் பதம்தான் கெம்பம்மாவின் சந்தேகத்தை உறுதியாக்கியது. அவள் அழ ஆரம்பித்தாள்.

வைத்தியர் வந்த அன்று, முனிலட்சுமிக்கு முன்னால் ஓவன் ஷெட் நாகம்மா உள்ளே போனாள். கண்ட ஆம்பளையிடமெல்லாம் நாக்கை நீட்ட முடியாது என்று அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. வெளியே வந்ததும், தன் வாயே தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டதாகப் புலம்பினாள். முனிலட்சுமி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாவம், முன்னேற்பாடு இல்லாதவள்.

வைத்தியர் முனிலட்சுமியின் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடினார்.

"கோபம் வருமா?"

"வராதுங்க."

"பசி தாங்குவியா?"

"நாள் முழுக்கத் தாங்குவேனுங்க."

வைத்தியர் கண்ணைத் திறந்தார். "ஏனம்மா, நாடி தவளை மாதிரி குதிக்குது. பொறந்ததுல இருந்தே உனக்குப் பித்தம். அது மேல சளியக் கொண்டாந்து பூசி வெச்சிருக்க."

"கபம்னு எழுதுங்க சாமி."

"இல்லாதத எப்படி எழுதறது?"

"எழுதினாத்தான் எனக்கு வாழ்வு. வீட்டுல எங்கம்மா வேற அழுதுட்டே இருக்கு" என்றவளுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. வைத்தியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எல்லோரும் தன்னிடம் நோயைப் போக்கத்தான் வருவார்கள், கேட்டு வாங்கிப் போக வந்தது அவள் ஒருத்திதான் என்று சொல்லி, கபம் என்றே எழுதினார்.

அன்று சாயங்காலமே முனிலட்சுமி ஓசூர் சந்தையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள்.

இடம் மாறும் திங்கட்கிழமை, பட்டியலைப் பார்க்கக்கூட நிற்காமல், அதைப் போட்டுக்கொண்டு ஏசி ஹால் கதவைத் தள்ளினாள். முகத்தில் அடித்த குளிரில் கண் சொக்கியது. உள்ளே, ஜெபசீலியின் நாற்காலியில் நாகம்மா உட்கார்ந்து முள் பொருத்திக்கொண்டிருந்தாள். ஜெபசீலியைக் காணோம்.

"நாகம்மா, நீ எப்படிடி இங்க?"

நாகம்மா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எரியற உடம்பக் குளுமையில வெக்கணும்னு எங்கள மாதிரி கோவக்காரங்களுக்கெல்லாம் ஏசியாம்க்கா, கபக்காரங்களத்தான் ஓவன் பக்கத்துல நிக்க வெச்சுக் காய வெக்கணுமாம்."