ரெண்டு புள்ளி பத்து

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை நம்பி வளையல் விஷயத்தில் இறங்கக் கூடாது. இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கிய அந்த ஆள் நான்தான். (பன்னிரண்டாவதில் அப்போது இருநூறுக்கு. அதிலும் முழுசு. சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.) அந்த மூளையை வைத்துக்கொண்டு என் நிச்சயதார்த்தத்துக்கு நானே எப்படி உலை வைக்கப் பார்த்தேன் என்பதுதான் கதை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊர் எங்களுடையது. எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். பெண் வீடு உப்பளம். பெண் பெயர் ரெஜினா. கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், இனிமேல் நம்மால் ஆகாது என்று படுத்துவிட்டவர்கள் எல்லாரையும் பிடித்து எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்காத ரகம். பெண் பார்த்தோம், இரண்டு பக்கமும் பிடித்துப்போனது, பங்குச் சாமியாரிடம் தேதியும் வாங்கியாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மோதிரம் தயார், கேக் சொல்லியாயிற்று, பிரியாணிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஆனால் எனக்கு எதையாவது செய்து ஊரை அசத்தியாக வேண்டும். ஜோடியாக இரண்டு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி, மேடையில் வைத்து அவள் கையில் நானே கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் எவ்வளவு நடந்தாள் என்று என் போனில் தெரியும், என் இதயம் எப்படித் துடிக்கிறது என்று அவள் போனில் தெரியும். (அன்றைக்கு இதைக் காதல் என்று நினைத்தேன். வேவு பார்ப்பது என்பதுதான் சரியான பெயர்.)

வாட்ச் வாங்க பட்டையின் சைஸ் தெரிய வேண்டும். உங்கள் மணிக்கட்டின் சுற்றளவு என்ன என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். அங்கேதான் இருநூறுக்கு இருநூறு வேலை செய்தது. வளையல் சைஸைக் கேட்டால் போதாதா? வட்டம், விட்டம், இருபத்திரண்டு பை ஏழு. வாட்ஸ்அப்பில் ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: "உங்க வளையல் சைஸ் என்ன?"

டைப்பிங், டைப்பிங் என்று காட்டிக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. ஒரு நம்பரை அனுப்ப ஒரு பெண்ணுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவழியாக வந்தது: 2.10.

எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் வளையல் டப்பாவின் மேல் 2.6 என்று போட்டிருக்கும், அது அம்மாவுடையது. எதிர்வீட்டு ஒல்லி அக்காவுக்கு 2.4 என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரெஜினாவுக்கு 2.10. புள்ளிக்கு அப்புறம் கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது. ஆக 2.1. ஒல்லி அக்காவையும் தோற்கடிக்கும் கை. (வளையல் போடுகிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.) நேரில் பார்த்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் நீளக் கை வைத்த சுடிதாரில் இருந்தாள், நான் வெட்கத்தில் காபி டம்ளரை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன்.

உருகிப்போய் உடனே பதில் போட்டேன்: "இவ்ளோ குட்டிக் கையா? சோ க்யூட்." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். பதில் வரவில்லை. நீல டிக் மட்டும் விழுந்தது. பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடமும் பெருமையாகச் சொன்னேன், மருமகளுக்கு ரெண்டு ஒன்னு சைஸாம் என்று. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, அப்படி ஒரு சைஸை நான் கேள்விப்பட்டதே இல்லையே என்றார். இப்போதெல்லாம் புதுசு புதுசாக வருகிறது என்று விளக்கம் கொடுத்தேன்.

வாட்ச் வாங்கியது நேரு வீதியில். கடைக்காரர் நல்ல மனுஷன். பட்டையில் சின்னது பெரியது என்று இரண்டு வகை உண்டு, நடுத்தரக் கைக்கு எதுவும் பொருந்தும், ரொம்பச் சின்னக் கைக்கும் ரொம்பப் பெரிய கைக்கும்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். இறுக்கினால் தோல் சிவந்துவிடும், தொளதொளவென்று இருந்தால் அடியில் இருக்கும் சென்சார் தோலைத் தொடாமல் துடிப்பைத் தப்பாகக் காட்டும், ஒரு விரல் நுழைந்தால் சரியான அளவு. "அவங்கள ஒரு தடவ கூட்டிட்டு வந்து போட்டுப் பாத்துடுங்க சார்" என்றார். நான் போனில் கால்குலேட்டரைத் திறந்து அவருக்கு வகுப்பெடுத்தேன். வளையல் உள்ளங்கையைத் தாண்டி உள்ளே போக வேண்டும், மணிக்கட்டு உள்ளங்கையைவிடச் சின்னது, எனவே வந்த விடையில் இன்னும் குறைக்க வேண்டும் என்று நிரூபித்தேன். அவர் பெருமூச்சு விட்டு, ரோஜா நிறத்தில் ஒரு சின்னப் பட்டையை எடுத்து வைத்தார்.

அடுத்தது எனக்கு. அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். (என் மணிக்கட்டு முருங்கைக்காய்க்குத் தூரத்துச் சொந்தம்.) உங்களுக்கும் சின்னதே போதும் என்று சொல்ல வாயெடுத்தார். ஆம்பளைக்குச் சின்னதா? கறுப்பில் பெரியது கொடுங்கள் என்று வாங்கிவிட்டேன். கடைசி ஓட்டையில் போட்டாலும் கையைத் தொங்கவிட்டால் விரல் வரைக்கும் இறங்கும், தூக்கினால் முழங்கைக்குப் போகும். கோட்டு போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

நிச்சயதார்த்தம் உப்பளத்தில், கோயிலை ஒட்டிய ஹாலில். சாமியார் மோதிரங்களை மந்திரித்துக் கொடுத்தார். ரெஜினாவின் மோதிரம் கச்சிதமாக விரலில் உட்கார்ந்தது. அந்த அளவை நகைக்கடையில் எடுத்தவர் அம்மா, அதில் என் கணக்கு கலக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பா மைக்கைப் பிடித்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா அவர். மைக் கையில் கிடைத்தால் இரண்டு மொழியிலும் பேசாமல் விடமாட்டார். "மாப்பிள்ள இப்ப பொண்ணுக்கு மோந்த்ரு கட்டப்போறாரு" என்று அறிவித்தார். வாட்ச்சைத்தான் அவர் காலத்து ஆட்கள் இப்படிச் சொல்வார்கள். கைதட்டினார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். ரெஜினா பட்டுப் புடவையின் முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் அந்த மணிக்கட்டை முதல்முதலாகப் பார்த்தேன். அகலமான, உறுதியான கை. மில்லில் தறி ஓட்டிய அவள் அப்பாவின் மணிக்கட்டு அப்படியே மகளுக்கு வந்திருந்தது.

பட்டையைச் சுற்றினேன். இரண்டு முனையும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி எட்டி எட்டி நின்றன. வீடியோக்காரர், "அண்ணா, கேமராவப் பாத்து இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவை இழுத்தேன். வரவில்லை. புத்தியுள்ளவன் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடியிருப்பான். நான் காலை ஊன்றி மூச்சைப் பிடித்து இழுத்தேன். பட்டையின் முள் தெறித்து எங்கோ பறந்தது. பட்டை வழுக்கியது. நான் பின்பக்கமாகப் போய் அலங்கார நாற்காலியில் மோதி, நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தேன்.

என் கையில் இருந்த வாட்ச் முழங்கைக்கு ஏறி அங்கே இறுகிக்கொண்டு, இந்த மனிதன் விழுந்துவிட்டான் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டது. கீச்கீச்சென்று அலறியது. நான் மல்லாந்து கிடந்ததில் அதை நிறுத்தத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பாக்கெட்டில் இருந்த போன் தானாகவே அவசர எண்ணுக்கு அழைத்தது. அந்த எண் அம்மாவுடையது. முதல் வரிசையில் கைப்பையைத் துழாவி போனை எடுத்த அம்மா, என் பெயரைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் காதில் வைத்து, "எங்கடா இருக்க?" என்றார்.

ஹால் அதிர்ந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சிரிப்பு அடங்கும் நேரத்தில் பின்வரிசையில் யாரோ, பொண்ணு கை பெருசு போல என்று சொன்னது மேடைவரை கேட்டது. என்னைத் தூக்கிவிடக் குனிந்திருந்த ரெஜினா அப்படியே நிமிர்ந்தாள். மேடையை விட்டு இறங்கிப் பக்கத்து அறைக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். அறை வாசலில் அவள் அப்பா நின்றார். காலையில் இருந்து வாய்க்கு வாய் மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர். "தம்பி, புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. எங்களுக்கு ஒன்னும் வருத்தமில்ல" என்றார். முகத்தில் வருத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே ரெஜினா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"போன தடவ பாக்க வந்தவங்க, பொண்ணு கொஞ்சம் பெரிய சைஸுன்னு தரகர்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. நீங்க வளையல் சைஸ் கேட்டதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. கம்மியா சொல்லிடலாமான்னு பாத்தேன். மனசு வரல, உள்ளத சொன்னேன். அதுக்குக் குட்டிக் கையான்னு நக்கல் பண்ணீங்க. சரி போவுதுன்னு விட்டேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் அளந்து காட்டணுமா?"

"நீங்கதானே 2.10-ன்னு அனுப்பினீங்க" என்றேன்.

"ஆமா."

"2.10-ன்னா 2.1. 2.4-ஐ விடச் சின்னதுதானே?"

அவள் அப்பா வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். ரெஜினா என் முகத்தை, நோயாளி நிஜமாகவே வலியில் கத்துகிறாரா, நடிக்கிறாரா என்று சோதிப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "அது ரெண்டு புள்ளி ஒன்னு இல்லீங்க. ரெண்டு பத்து. ஒரு இஞ்ச பதினாறா பிரிச்சா அதுல பத்து. நாலு, ஆறு, எட்டு, பத்துன்னு ஏறிக்கிட்டே போவும். என்னோடதுதான் பெருசு."

காது இரண்டும் கொதித்தன. அவமானம் ஒரு பக்கம். ஆனால் அந்த நம்பரை அத்தனை யோசித்து அனுப்பிவிட்டு, அதற்கு வந்த சோ க்யூட்டை அவள் எப்படிப் படித்திருப்பாள் என்று மெல்ல உறைத்தது. அப்போதே அவள் வேண்டாம் என்று வெளியே போயிருந்தால் அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"கணக்குல எவ்ளோன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இருநூத்துக்கு இருநூறு."

சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். நிறுத்திவிட்டு எழுந்து சொன்னாள்: "வெளிய ஒக்காந்திருக்கவங்கல்லாம் இப்ப என் கையப் பத்திதான் பேசிக்கிட்டிருப்பாங்க. போயி மைக்குல இத சொல்லுங்க. அவங்களுக்குப் பேச வேற விஷயம் குடுங்க."

போனேன். பெரியப்பாவிடம் மைக்கை வாங்கி, இரண்டு குடும்பமும் சாமியாரும் பார்க்க, புள்ளிக்கு அப்புறம் வரும் பூஜ்யத்தில் தொடங்கி முருங்கைக்காய் மணிக்கட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதியிலேயே பெண்கள் பக்கம் தாங்கவில்லை. ஒரு அம்மாள் சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார். தமிழ் அவ்வளவாகத் தெரியாமல் வந்திருந்த உறவினர்களுக்காகப் பெரியப்பா பிரெஞ்சிலும் ஒருமுறை விளக்கினார். அந்தப் பக்கம் தனியாக ஒரு சிரிப்பு கிளம்பியது.

ரெஜினா தலைநிமிர்ந்து மேடைக்கு வந்தாள். என் முழங்கையில் இருந்து பெரிய வாட்ச்சை இறக்கித் தன் கையில் போட்டாள். சரியாக ஒரு விரல் நுழைய இடம் விட்டு அது உட்கார்ந்தது. கையைத் தூக்கிக் காட்டினாள். ஹால் முழுக்கக் கைதட்டியது. இந்தப் பெண் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று அந்த நிமிஷத்தில்தான் முழுசாகப் பெருமைப்பட்டேன். வீடியோக்காரர் மேடை விரிப்புக்கு அடியில் இருந்து முள்ளைக் கண்டெடுத்துக் கொடுக்க, அதை மாட்டி, ரோஜா நிறப் பட்டையை என் கையில் கட்டினாள். அதுவும் கச்சிதம்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் எனக்கு ரெண்டு ஒன்னு மாப்பிள்ளை என்று பெயர். பத்திரிகை வைக்கப் போன வீட்டில்கூட அப்படித்தான் விசாரித்தார்கள்.

போன வருஷம் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன். ரெஜினாவின் ஆஸ்பத்திரியில்தான். நடக்க வைக்க வேண்டிய நாள் வந்தது. அம்மா கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். விழுந்துவிடுவேன் என்ற பயம். நான் சொன்னேன், கெஞ்சினேன், அதட்டினேன். என்னிடம் அம்மாவின் கைப்பையைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னாள் ரெஜினா. பிறகு கையை நீட்டி, "அத்த, இதப் புடிச்சிக்கிங்க" என்றாள்.

அம்மா அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினார். மொத்த உடம்பின் கனத்தையும் அதன்மேல் போட்டார். ரெஜினா இம்மி அசையவில்லை. அம்மா எழுந்தார், நின்றார், வாக்கரைத் தொடாமல் ஒரு எட்டு வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, ஓரத்தில் கைப்பையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"இவன் கணக்குப்படி மருமவ வந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேருமே கீழ கெடப்போம்" என்றார்.

அது என்ன கணக்கு என்று அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் கேட்டார். அவ்வளவுதான். வளையல் சைஸில் ஆரம்பித்து, எங்கடா இருக்க வரைக்கும், அம்மா முழுக்கதையையும் சொன்னார். ரெஜினாவின் கையைப் பிடித்தபடி, உட்காராமல், நின்றுகொண்டே சொல்லி முடித்தார்.