கேளம்பாக்கத்து ஃப்ரேம்

மருத்துவ உலகம் கண்ணுக்காகக் கண்டுபிடித்த அத்தனையையும், செங்கல்பட்டில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தடுத்து நிறுத்திவிடலாம் என்று நம்பியவர் கண்ணாடி பாய். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். அதில் பெரும்பங்கு என் மேலேயே; ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. வாங்க வந்தவரோ, வழி கேட்க வந்தவரோ, யார் நுழைந்தாலும் பாய் முதலில் கட்டைவிரலால் அவர் மூக்கின் மேலிருக்கும் கண்ணாடியை ஒரு அழுத்து அழுத்துவார். காதுப் பக்கம் கோணலாக இருந்தால் கழற்றி நிமிர்த்துவார். காசு கேட்க மாட்டார், அனுமதியும் கேட்க மாட்டார். ஒருமுறை டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவரின் கறுப்புக் கண்ணாடியை நடுரோட்டில் கழற்றி, நிமிர்த்தி, மாட்டிவிட்டார். அவர் திகைத்து நின்ற நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு வரை வண்டிகள் நின்றன.

இந்த மனிதருக்கு ஊரில் ஒரே எதிரி கண்புரை ஆபரேஷன். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள் என்பதைத் தன் கடைமேல் விழுந்த கல்லாகவே எடுத்துக்கொண்டார்.

"கண்ணாடின்னா மூக்கு மேல ஒக்காரணும் சார். கண்ணுக்குள்ள பூந்து ஒக்காந்துகினு இன்னா வேலை அதுக்கு? அது கண்ணாடி கூட இல்ல, பிளாஸ்டிக்கு! அல்லா குட்த்த கண்ணுல பிளாஸ்டிக்கு!"

கடைக்கு வருகிற எல்லோருக்கும் இஞ்சி டீ உண்டு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கிடையாது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "பாய், கண்ணாடியே இல்லாம எல்லாம் பளிச்சுனு தெரியுது" என்று ஆசையாகச் சொல்ல வந்தார்.

"தெரியுதுல்ல? அப்போ வாசப்படியும் தெரியும். எறங்கு."

இத்தனைக்கும் பாய்க்கே இரண்டு கண்ணிலும் புரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்குக் குளிர்கண்ணாடி விற்கப் போவார். நானும் காற்று வாங்கக் கூடப் போவேன். ஒரு நாள் சிற்பப் பட்டறை வாசலில் யாரோ ஒரு தலைவரின் கற்சிலை, மூக்குக்கண்ணாடியோடு, லாரிக்காகக் காத்து நின்றது. பாய் நேராகப் போய்க் கட்டைவிரலை வைத்தார்.

"இன்னா தலைவரே, இவ்ளோ இறுக்கமா கீது? யாரு மாட்டி வுட்டது?"

கழற்றப் பார்த்தார். வரவில்லை. பதிலும் வரவில்லை. பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறக்குறாரா பாருங்க சார். பதவியில கீற திமிரு!"

சிற்பிகள் உளியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அதற்குச் சில மாதங்கள் முன்பே என் இரண்டு கண்ணிலும் லென்ஸ் ஏறியிருந்தது.

பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று பாயிடம் பொய் சொல்லிவிட்டு, கேளம்பாக்கத்தில் மகன் வீட்டில் தங்கி அதை முடித்தேன். பழைய கண்ணாடியை மாட்டினால் தலை சுற்றியது. அங்கேயே ஒரு கடையில் அதே மாதிரி ஃப்ரேம் ஒன்று வாங்கி, பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். கல்லூரியில் ஆயுள் முழுக்க லென்ஸைப் பற்றிப் பாடம் நடத்தியவன், ஒரு இஞ்சி டீ போய்விடுமே என்று பயந்தேன்.

பாயின் கட்டைவிரலுக்கு மட்டும் சந்தேகம். "மூக்கு எளைச்சிட்டீங்களா சார்? நழுவுதே." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்ட ஆரம்பித்தார்.

"சாரப் பாரு. காலேஜ் வாத்தியாரு. கத்தி படாத கண்ணு. பஸ்ஸு தூரத்துல வரச்சொல்லோவே போர்டு படிக்கிறாரு. எல்லாம் நம்ம கண்ணாடி!"

நான் டீயைக் குடித்தேன்.

ஒரு மாலை அவருடைய மகள் என்னைத் தெருவில் நிறுத்தினாள். "அத்தாவுக்கு வலது கண்ணு சுத்தமா தெரியல சார். இன்னும் முத்த வுட்டா பார்வையே போய்டும்னு டாக்டர் திட்றாங்க. சாரே பண்ணிக்காம ஜம்முனு கீறாரு, எனக்கு இன்னாத்துக்குன்னு எங்க வாய அடைக்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"சொல்றேம்மா" என்றேன். சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. இப்படி ஒரு கோழைத்தனத்தை வேறு எவனிடமாவது பார்த்திருந்தால் முகத்தில் காறித் துப்பியிருப்பேன்.

கடைசியில் உண்மை வெளிவந்ததும் என் வீரத்தால் அல்ல. ஒரு நாள் கடையில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன். "அது இன்னா பஸ்ஸு சார்?" என்றார் பாய். "திருக்கழுக்குன்றம் வழி மாமல்லபுரம்" என்றேன். "பார்த்தியா?" என்று அங்கிருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, வழக்கம்போலக் கட்டைவிரலை என் மூக்குக்குக் கொண்டுவந்தார். அங்கே மூக்கு மட்டும்தான் இருந்தது.

"கண்ணாடி எங்க சார்?"

"கையில, பாய்."

பாய் என் முகத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"எப்போ பண்ணிக்கினீங்க?"

"தையில."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கண்ணாடியைப் பிடுங்கி விரலால் தடவினார். "இதுல பவரே இல்லியே. எங்க வாங்குனீங்க?"

"கேளம்பாக்கத்துல."

நாற்காலி சாய எழுந்தார். "கேளம்பாக்கமா! ஆபரேஷன் பண்ணிக்கினீங்க, ஒங்க கண்ணு, வுட்டேன். உள்ள வெச்ச லென்ஸு நான் விக்கிறதில்ல, அத்தயும் வுட்டேன். என்னிய ஏமாத்தறதுக்குன்னே வாங்குன கண்ணாடி! அத்தக்கூட எங்கிட்ட வாங்கணும்னு தோணலியா சார் ஒங்களுக்கு?"

கண்ணாடியை என் கையில் திணித்து வெளியே தள்ளினார். ஷட்டர் இறங்கியது. நான் வெளியே நின்றேன்.

மறுநாள் மகள் போன் செய்தாள். ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டாராம். "அந்தக் கேளம்பாக்கத்து ஃப்ரேம கண்ணால நல்லா பாத்துட்டு ஒங்கள நாலு வார்த்த கேக்கணுமாம் சார்."

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் முடிந்தது. அதே கண்ணாடியோடு ஆஸ்பத்திரியில் போய் அவர் எதிரே நின்றேன்.

"சீ! மூக்கு கோணல், காது கோணல். இத்த மாட்டிக்கினு எங்கடையில ஒக்காந்து டீ வேற குட்சீங்களே!"

படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும் என்று டாக்டர் சொன்னதும் இன்னொரு தரம் வெடித்தார். "அப்போ ஆபரேஷன் பண்ணிக்கினவனுக்கும் எங்கடை வேணும்! இத்த ஏன் ஒர்த்தரும் எங்கிட்ட சொல்லல?"

சொல்லியிருக்க வேண்டியவன் பக்கத்தில்தான் நின்றேன்.

வலது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. லென்ஸ் நன்றாகத்தான் உட்கார்ந்தது. உள்ளே நரம்பு அதற்குள் பழுதாகியிருந்தது. முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பாய் டாக்டரைத் திட்டினார், மகளைத் திட்டினார், கேளம்பாக்கத்தைத் திட்டினார். இந்தக் கண்ணுக்காக என்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது என் முகத்தில் இருப்பது அவர் கடை ஃப்ரேம். பவர் கிடையாது, தேவையும் கிடையாது. வழியில் அது சரிந்தால் நான் கை வைப்பதில்லை. சரிந்தபடியே கடை வரைக்கும் நடக்கிறேன். பாய் தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்ப்பார். அப்புறம் அந்தக் கட்டைவிரல் வரும்.