மூச்சு விடும் மெஷின்

"மூச்சே விடாம பாடுதேடா! இது பாட்டா, மோட்டார் பம்பா?"

இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். சவுண்டு இன்ஜினியர் பாய்ந்து பிடித்தான்.

"நாளைக்குத் தயாரிப்பாளர் வர்றாரு. இது மனுஷி மாதிரிப் பாடணும். இல்லேன்னா நீயும் கிளம்பு."

'இந்த ஏஐ மெஷின் ஒன்று போதும், பாட ஆளே வேண்டாம்' என்று அவருக்கு ஆசை காட்டியவன் இவன்தான். கோரஸ் பாடிய பெண்கள் அத்தனை பேரையும் அவர் நிறுத்திவிட்டார். அதில் இவனுடைய கூடப்பிறந்த அக்காவும் உண்டு. இவனைப் படிக்க வைத்ததே அந்தக் கோரஸ் சம்பளம்தான். அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "உன் தொண்டை போயிடுச்சுன்னு சார் சொல்றாருக்கா" என்று சொல்லி வைத்திருந்தான். படித்தவனாயிற்றே, பொய்யை மட்டும் சுத்தமாகச் சொன்னான்.

இப்போது அவள் காலிலேயே போய் விழுந்தான்.

"மெஷினுக்குப் பாடக் கத்துக்குடுக்க ஒரு சாம்பிள் வேணும்க்கா. ரெண்டே வரி."

"போன தொண்டையிலயா?"

"பரவால்லக்கா."

மறுநாள் ஒயர் போட்டு வைக்கும் அறையில் அக்காவை உட்கார வைத்து, மைக்கும், வெளியே பேசுவது கேட்க ஹெட்போனும் கொடுத்துக் கதவைச் சாத்தினான். வெளியே விசைப்பலகையைச் சும்மா தட்டினான். ஸ்பீக்கரில் அக்கா பாடினாள்.

இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். "அடேய்! மூச்சு விடுதுடா!"

தயாரிப்பாளரும் வந்து சேர்ந்தார். "கொஞ்சம் அழுதுகிட்டே பாடச் சொல்லுங்க."

இன்ஜினியர் தட்டினான். மெஷின் அழுதது. தயாரிப்பாளர் கைக்குட்டையைத் தேடினார்.

திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு தும்மல்.

"என்னய்யா இது?"

"புது வசதி சார். இயல்பா இருக்கட்டும்னு..."

"பிரமாதம்! தும்மலைப் பாட்டுலயே வெச்சுக்கோ" என்றார் இசையமைப்பாளர். அடுத்த தும்மலுக்கு அவரே "நூறு ஆயுசு" என்றார். யாருக்குச் சொல்கிறோம் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

"முன்னாடி பாடினவங்க எல்லாம்?" தயாரிப்பாளர் விசாரித்தார்.

"நல்லாத்தான் பாடினாங்க, குறை சொல்லக் கூடாது. இவன்தான் 'மெஷின் இருக்கு சார், அவங்க எதுக்கு தண்டச் சம்பளம்'னான். நிறுத்திட்டேன். கெட்டிக்காரப் பய!"

இன்ஜினியர் பாய்ந்து அக்காவின் ஹெட்போன் இணைப்பை அணைத்தான். பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரின் சத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டது.

"தண்டச் சம்பளமாடா?" என்றது மெஷின், அறையே அதிர. "என் தொண்டை போயிடுச்சுன்னு சொன்னியே. மூணு மாசமா மொளகும் தேனும் முழுங்கிட்டு இருக்கேன்டா, பாவி!"

தயாரிப்பாளர் கைக்குட்டையை மெல்ல மடித்தார்.

இசையமைப்பாளர் எழுந்து போய் ஒயர் அறையைத் திறந்தார். அட்டைப்பெட்டிமேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் கூனிக் குறுகிப்போனான்.

"அக்கா..."

"பேசாத."

"ச்சீ! நீயெல்லாம் மனுஷனாடா?" இசையமைப்பாளர் கத்தினார். "ஒருத்தரோட உழைப்பை ரூம்ல ஒளிச்சு வெச்சு, வேற பேர்ல விக்கிறியே! கலைன்னா என்னன்னு தெரியுமா? இந்த ட்யூனுக்காக நான் ராத்தூக்கம் முழிச்சிருக்கேன்டா!"

தயாரிப்பாளர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா வாளியோடு எட்டிப் பார்த்தார். அக்காவையும் திறந்து கிடந்த கதவையும் பார்த்து முகம் மலர்ந்து இசையமைப்பாளரிடம் கேட்டார்.

"வெளிய விட்டாச்சாய்யா? அப்போ, மேல ரூம்ல உங்களுக்கு ட்யூன் போட்டுக் குடுக்குற தம்பியையும் தொறந்து விட்றவா?"