ஆகாயம் ஏறிய நிச்சயப் புடவை

“காஞ்சிபுரத்துல புடவை நெய்தவங்க உண்டு, வித்தவங்க உண்டு. ஏரோப்ளேன் உயரத்துக்குப் பறக்கவுட்டவன் நான் ஒருத்தன்தான், சம்மந்தி!”

நிச்சயதார்த்த மண்டபமே பெண்ணின் அப்பா கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தது. நாதஸ்வரக்காரர் பாதி ராகத்தில் மூச்சை விழுங்கினார்.

மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம் மட்டும் அசையவில்லை. “விளையாடாதீங்க. ரவிக்கை தைக்கணும்னு நாங்க முன்னாடியே குடுத்த நிச்சயப் புடவை எங்க? அது தட்டுல வந்தாத்தான் தாம்பூலம் மாத்துவேன்.”

‘தையல்காரம்மாவிடம் இருக்கிறது’ என்று கண்ணாயிரம் ஏற்கெனவே சமாளித்துப் பார்த்திருந்தார். முன்வரிசையில் கேசரி தின்றுகொண்டிருந்த தையல்காரம்மா பிரவீனா எழுந்து, “எங்கிட்ட ரவிக்கைத் துணி மட்டுந்தான்பா வந்துச்சு” என்று சொல்லிவிட்டாள். அவளை விருந்துக்கு அழைத்ததும் அவரேதான். வேறு வழியில்லாமல்தான் உண்மைக்கு வந்திருந்தார்.

நடந்தது இது. முந்தின நாள் காலை, புடவையை ஆசையாகப் பிரித்துப் பார்த்தபோது முந்தானையில் ஒரு சொட்டு காபி சிந்திவிட்டது. துடைத்தார், சொட்டு உள்ளங்கை ஆனது. பவுடர் போட்டார்; உள்ளங்கை தோசை ஆனது. மனைவி பொன்னியம்மாள் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் மொத்தப் புடவையையும் அலசிவிட்டார்.

பட்டாயிற்றே, தரையில் படக்கூடாது. கொடியில் போட்டால் பொன்னியம்மாள் கண்ணில் படும். மண்டபத்துக்கென்று வாங்கிய கேஸ் பலூன்கள் மொட்டைமாடியில் கோபுரம் கோபுரமாக மிதந்துகொண்டிருந்தன. அத்தனையையும் புடவையில் கட்டினார். ஈரம் இருந்தவரை புடவை அடக்க ஒடுக்கமாக நின்றது. காய்ந்ததும் கிளம்பிவிட்டது.

ஸ்கூட்டரில் துரத்தினார். ஏனாத்தூரில் அது தலைக்கு மேலே இருந்தது. தென்னேரி ஏரிக்கரையில் பருந்துகளே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

“இன்னா பண்ணித் தொலைச்சய்யா? வித்துட்டியா?” என்று பொன்னியம்மாள் கண் கலங்கினாள். “பொண்ணோட வாழ்க்கையாச்சே!”

மாப்பிள்ளை பாலாஜி போனை நீட்டினான். “அப்பா, ஏனாத்தூர் காலேஜ் பசங்க எடுத்த வீடியோ. பறக்கும் தட்டுன்னு போட்டிருக்காங்க. ஊதா பார்டர் பாருங்க!”

“கிராபிக்ஸ்.”

“நாம கடையில எடுத்த அதே ஊதாப்பா!”

“கிராபிக்ஸ்னு சொல்றேன்ல! விமான நிலையத்துல ராடார் பார்க்கறவன்டா நான். வானத்துல எது பறக்கும், எது பறக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

மேடையில் மணப்பெண் அனு மாலையைக் கழற்ற ஆரம்பித்தாள். கண்ணாயிரத்தின் மீசை இறங்கியது.

“அத்தனையும் சுத்த வெள்ளிச் சரிகை, சம்மந்தி. உங்க மிஷின்ல தெரியாமயா பூடும்? ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க!”

போன் என்றதும் ராமலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணாயிரத்தின் கையைப் பிடித்துத் தரதரவென்று சமையற்கட்டுக்கு இழுத்துப்போனார். சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் நின்று அக்கம்பக்கம் பார்த்தார்.

“தாம்பூலம் இப்பவே மாத்திக்கலாம். வேற புடவை நானே எடுத்துத் தர்றேன். நீங்க வாயை மட்டும் திறக்காதீங்க.”

“அப்போ நம்பிட்டீங்களா?”

“நம்பறதென்ன! நேத்து ராடார்ல அதைப் பார்த்ததே நான்தான். ரேடியோவுல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்ல. வேற்றுக்கிரகத்துக்காரங்க வந்துட்டாங்கன்னு டெல்லி வரைக்கும் சொல்லிட்டேன், சம்மந்தி!”