கழுதை பேசிய தெலுங்கு

திரையில் இளவரசி வாயைத் திறந்ததும் அரங்கில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழில் பேசவேண்டியவள் வேறு எதையோ பேசினாள்.

மேனேஜர் டார்ச் லைட்டோடு ஓடிவந்தார். "தமிழ் ஆடியோ தெறக்க மாட்டேங்குது. தெலுங்குதான் வருது. அடுத்த ஷோவுக்குள்ள சரியாயிரும். இருக்கவங்க இருங்க, போறவங்க போலாம்."

"தெலுங்குன்னு எப்படித் தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேரு போட்டதப் பாக்கலையா? எழுத்தெல்லாம் ஜிலேபி ஜிலேபியா இருந்துச்சுல்லா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சதீஷுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. படம் இல்லையென்றால் காபிக் கடைக்குப் போகலாம், இந்து எதிரில் உட்காருவாள். எழுந்திருக்கப் போனவனின் தொடையில் இந்துவின் அப்பா கருத்தப்பாண்டியின் கனத்த கை விழுந்தது.

"உக்காருங்க தம்பி. உங்களுக்குத்தான் தெலுங்கு தண்ணி பட்ட பாடாச்சே. சொல்லுங்க, கேப்போம்."

சதீஷ் திரும்ப உட்கார்ந்தான்.

எல்லாம் தரகர் வைகுண்டராஜ் செய்த வேலை. சதீஷ் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அதை வைத்துக்கொண்டு, பையன் தெலுங்கில் பிளந்து கட்டுவான் என்று தரகர் இந்துவின் ஊரான கான்சாபுரம் வரைக்கும் போய் அளந்துவிட்டார். சதீஷுக்குத் தெரிந்த தெலுங்கு 'ரண்டி', 'கூச்சோண்டி'. ஒருவரை வரச்சொல்லவும் உட்காரச்சொல்லவும் அது போதும். படத்துக்குப் போதாது.

காலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் பெண் பார்த்து முடிந்திருந்தது. இந்துவைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாகக் கருத்தப்பாண்டி சொல்லியிருந்தார். இதற்கிடையில் அவருடைய பேத்தி செல்வலட்சுமி, பொம்மைப் படமாக இல்லாமல் நிஜ ஆட்களே நடித்த இளவரசிக் கதை வந்திருக்கிறது என்று காலை உதறி அழுததில்தான் எல்லோரும் தியேட்டருக்கு வந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கோயில் வாசலில் கருத்தப்பாண்டி சொன்னது காதிலேயே நின்றது. "போன தடவ ஒருத்தன் சொந்த டிராக்டர்னு சொல்லி வந்தான். விசாரிச்சா கூலிக்கு ஓட்டுறவன். ஓட்டுறது தப்பில்ல தம்பி. பொய்யி எனக்கு ஆகாது. திருப்பி அனுப்பிட்டேன்."

சதீஷ் திரையைக் காட்டினான். "இளவரசிக்கு அம்மா இல்ல மாமா. அந்தப் பச்சை கவுனு போட்டவ சித்தி. பெரிய கொடுமைக்காரி."

சொல்லி வாய் மூடவில்லை, பச்சை கவுன்காரி இளவரசியை வாரி அணைத்து முத்தம் கொடுத்தாள்.

"சித்தி கொஞ்சுதாளே" என்றாள் செல்வலட்சுமி.

"நடிக்கா பாப்பா."

படுக்கையில் இருந்த ராஜா கண்ணை மூடினார். ராஜா செத்துப்போனார் என்று சதீஷ் அறிவித்தான். அடுத்த காட்சியிலேயே ராஜா குதிரையில் வந்து இறங்கினார்.

"இது யாரு?" என்றார் கருத்தப்பாண்டி.

"தம்பிக்காரரு. ரெட்டைப் பெறவி."

முன்வரிசைக்காரர் திரும்பினார். "அண்ணே, செத்த சத்தமாச் சொல்லுங்க. எங்களுக்கும் ஒண்ணும் வெளங்கல."

சதீஷ் குரலை உயர்த்தினான். அப்போதுதான் பின்வரிசையில் ஒரு போன் அடித்தது. எடுத்த அம்மாள் தெலுங்கில் மளமளவென்று பேசினார். நடுவில் ராஜபாளையம் என்ற பேர் வேறு அடிபட்டது. சதீஷ் இருக்கையில் சரிந்து உட்கார்ந்தான். தெலுங்கிலேயே பிறந்து வளர்ந்த மனுஷி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, இல்லாத சித்தியையும் ரெட்டைப் பிறவியையும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தான். அவன் பேசும்போதெல்லாம் அந்த அம்மாள் முன்னால் சாய்ந்து காது கொடுப்பது தெரிந்தது. தப்பை எண்ணுகிறார் போல.

உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "தொண்ட கட்டிருச்சு மாமா. மெதுவாத்தான் பேச முடியும்."

முன்வரிசைக்காரர் நல்ல மனுஷர். எழுந்துபோய் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் அவரை விட நல்ல மனுஷர். ஒரு மைக்கைக் கொண்டுவந்து சதீஷின் கையில் திணித்துவிட்டார். இப்போது அவன் மூச்சுவிடுவதுகூடத் தியேட்டர் முழுக்கக் கேட்டது.

திரையில் அரசசபை. கதவு திறந்து ஒரு கழுதை உள்ளே வந்தது. ஆண்பிள்ளைக் குரலில் பேசியது.

"கழுத... பொண்ணு கேக்குது" என்றான் சதீஷ்.

தியேட்டர் சிரித்து உருண்டது. ராஜா நெற்றியைச் சுருக்கி நீளமாக ஏதோ கேட்டார்.

"ராஜா என்ன கேக்காரு?" என்றார் கருத்தப்பாண்டி.

"உனக்கு என்ன தெரியும்னு கேக்காரு."

கழுதை தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தது. நிறுத்துகிற வழியாக இல்லை. சதீஷிடம் கதை தீர்ந்துபோய்விட்டது. மனசில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதுவே வந்துவிட்டது.

"ராஜா, என்னப் பத்தி உங்ககிட்ட பெருசாச் சொல்லிட்டாங்க. நான் அம்புட்டுப் பெரிய ஆளில்ல. நான் வெறும் கழுததான். ஆனா உங்க மகளப் பாத்த பொறவு எனக்கு வேற நெனப்பே இல்ல. அவள ஒரு நாளும் அழவிட மாட்டேன். எனக்குத் தெரியாதத அவகிட்டக் கேட்டுத் தெரிஞ்சிக்கிடுவேன். பொண்ணு குடுங்க... அப்படிங்குது கழுத."

ஒருவரும் சிரிக்கவில்லை. இந்து திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

திரையில் ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். புகை எழுந்தது. புகைக்குள்ளிருந்து ராஜகுமாரன் வந்தான். தியேட்டரில் விசில் கூரையைப் பிய்த்தது. கதை சரியாக அமைந்துவிட்டதில் எல்லோரையும் விட அதிகமாக ஆச்சரியப்பட்டவன் சதீஷ்தான்.

வெளியே வந்ததும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கைகொடுத்தார்கள். தமிழ்ப் படமே இப்படி இருந்ததில்லை என்றார் ஒருவர். சதீஷ் நழுவப் பார்த்தான். அதற்குள் கருத்தப்பாண்டி பின்வரிசை அம்மாளை மறித்துவிட்டார்.

"தாயி, நீங்க வீட்டுல தெலுங்கு பேசுறவுக. இவரு சொன்னது எப்படி இருந்துச்சு?"

சதீஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அருமையாச் சொன்னாருங்க. ஒரு எடத்துலகூடத் தடுமாறல. இப்படி ஒரு பிள்ள கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

கருத்தப்பாண்டி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலையிலிருந்து தம்பி என்றவர், "மாப்ள, தேதி பாத்துருவோம்" என்றார். ஆட்டோ பிடிக்க முன்னால் நடந்தார். இந்து அவனைக் கடந்து போகையில், "கழுத நல்லாப் பேசுச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். சதீஷுக்குத் தரையில் கால் பாவவில்லை. உலகத்தையே ஜெயித்துவிட்டான்.

ஆனாலும் நன்றி மறக்கிறவன் இல்லை. அந்த அம்மாளிடம் ஓடினான்.

"காட்டிக்குடுக்காமக் காப்பாத்திட்டீங்கம்மா. என் தெலுங்கு என்ன லெச்சணம்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெலுங்கா? மேனேஜர் மாத்திச் சொல்லிட்டாரு. அது கன்னடப் படம்லா தம்பி. எனக்கு ஒரு வார்த்தகூடப் புரியாம, முழுக் கதையும் நீங்க சொல்லித்தான் தெரிஞ்சிக்கிட்டேன். கன்னடம் எங்க படிச்சீங்க?"