ஓட்டை அண்ணாச்சியின் வெண்கல பில்டர்

அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே ஓட்டை வேண்டும் என்று உலை மூட்டியவரும், ஓட்டை இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டவரும் ஒருவர்தான். எங்கள் ஓட்டை அண்ணாச்சி.

பாளையம்பட்டியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கடையை மூடிவிட்டு அதே இடத்தில் ஒரு பட்டறை போட்டார். வெண்கலத் தூளை அச்சில் நிரப்பி, உருகிவிடாமல், துகளோடு துகள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சூடேற்றினால் கட்டைவிரல் பருமனில் ஒரு பில்டர், அதாவது வடிகட்டி, கிடைக்கும். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். காற்று போகும், தூசி போகாது. கம்ப்ரஸரில் மாட்டுவார்கள். டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே உலை பார்க்கச் சேர்ந்தேன். தூள் நிரப்புவது எம்.ரெட்டியபட்டி மாரியக்கா.

அண்ணாச்சிக்குக் காற்றும் தாராளமாகப் போக வேண்டும், லாரி ஏறினாலும் பில்டர் நசுங்கக் கூடாது.

"சூட்டக் கூட்டுனா கெட்டியாகும் அண்ணாச்சி. ஆனா ஓட்டை அடைஞ்சிரும்" என்றேன்.

"அப்பக் கொறை."

"கொறைச்சா ஓட்டை இருக்கும். உதுந்துரும்."

"தம்பி, நான் ஓட்டையும் கேக்குறேன், கெட்டியும் கேக்குறேன். ரெண்டுல ஒண்ணத்தான் தருவேன்னா எப்புடி?"

மாரியக்கா என் பக்கம் வந்து, "இவுகளுக்கு ஓட்டை வேணுமா, வேணாமா?" என்றார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை.

பரிசோதனை எல்லாம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பில்டரை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். பிறகு தெருவில் போகிற ஷேர் ஆட்டோவை மறித்து, சக்கரத்துக்கு அடியில் வைத்து, "ஏத்துங்க!" என்பார். காற்று போகாத ரகம் ஒரு சாக்கில், நசுங்குகிற ரகம் ஒரு சாக்கில். இரண்டிலும் சுமாராக இருந்ததை எதில் சேர்ப்பதென்று தெரியாமல், மூலையில் மூன்றாவது சாக்கில் போடச் சொன்னார்.

கம்ப்ரஸர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா சரக்கைப் பார்க்க வந்தார். அவர் தலையசைத்தால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

அண்ணாச்சி கெட்டியான பில்டரைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறிக் குதித்தார். அசையவில்லை.

"பாத்தீகளாம்மா?"

"காத்து போகுதா?"

ஊதினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, காற்று மட்டும் போகவில்லை. உடனே இன்னொன்றை எடுத்து ஊதினார். அந்த அம்மாவின் முன்முடி பறந்தது. அந்த உற்சாகத்தில் அதன்மேலும் ஏறிக் குதித்தார். பில்டர் பொடியானது. அண்ணாச்சி மல்லாக்க விழுந்தார். கணுக்கால் கொழுக்கட்டைபோல வீங்கிவிட்டது.

அந்த அம்மா தண்ணீரை நீட்டிக்கொண்டே கேட்டார். "இது மேல எதுக்குங்க ஏறுறீங்க? பைப்புக்குள்ள இருக்கப்போற சாமான். காத்தோட அழுத்தத்தத் தாங்குனா போதும். நடுத்தரமா ஒண்ணும் இல்லையா?"

மாரியக்கா மூன்றாவது சாக்கை இழுத்துவந்தார். அந்த அம்மா தான் கொண்டுவந்த கருவியில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். காற்றும் போனது, உடையவும் இல்லை.

"இதேதான் வேணும்" என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அண்ணாச்சி முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "ஏன் தம்பி, ரொம்பக் கெட்டியா இருக்குறதையும் விட்டுட்டு, நல்லாக் காத்து போறதையும் விட்டுட்டு, சுமாரா இருக்குறதக் கேட்டு வாங்குறாகளே. நம்மளக் கிண்டல் பண்றாகளோ?"

கால் சரியாகும்வரை அவர் பட்டறைக்கு வரவில்லை. உலை சரியான சூட்டில் எரிந்தது. சரக்கு சரியாக இறங்கியது. ஒரு குழப்பமும் இல்லை. பொழுதுதான் போகவில்லை. மாரியக்காவும் நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.