உயர்நிலைக் குழுவின் எடைக் கொள்கை

மனித குலம் குகையை விட்டு வெளியேறியதற்கு அடுத்த பெரிய இடப்பெயர்ச்சி எங்கள் வீட்டில்தான் நடந்தது. என் மாமியார் தம் அறையை விட்டு ஹால் சோபாவுக்கு வெளியேறினார். அவருடைய அறைக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் மெஷின் குடியேறியது. வீட்டில் அந்த ஓர் அறையில்தான் ஏசி உண்டு. சூடேறினால் மெஷின் படுத்துவிடும் என்றார் என் கணவர். ஏற்பாடு "தற்காலிகமானது". நாணயம் கொட்டத் தொடங்கியதும் ஹாலுக்கும் ஏசி வரும், அதுவரை அம்மா கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெஷின் தயார். அதற்கு மின்சாரத்தை அளந்து ஊட்டும் பவர் சப்ளை என்கிற இரும்புப் பெட்டிதான் பாக்கி. பெரிய கம்பெனிப் பெட்டியின் விலையைக் கேட்டதும் என் கணவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. மலிவாகவும் தரமாகவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க "உயர்நிலைக் குழு" அமைந்தது. தலைவர், என் கணவர். உறுப்பினர், அவருடைய தம்பி. டீ, நான்.

முதல் அமர்விலேயே குழு ஒரு பேருண்மையை எட்டிவிட்டது. மலிவுப் பெட்டியின் மேல் எத்தனை வாட் என்று வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். எடையில் அப்படி ஏமாற்ற முடியாது. உள்ளே செம்பும் இரும்பும் தாராளமாக இருந்தால்தான் பெட்டி கனக்கும். ஆகவே கனமானதே தரமானது. எனக்கு மெய் சிலிர்த்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என் வீட்டார் லேபிளைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சூட்கேஸ் நிறுக்கும் கொக்கித் தராசோடு இருவரும் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் இறங்கினார்கள். கடைக்குக் கடை பெட்டிகளைத் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். அடுத்த வாரமும் போனார்கள். என்ன அதிசயம், அதே கடைகளில் பெட்டிகள் எல்லாம் சற்றுக் கனத்திருந்தன, விலையும் இறங்கியிருந்தது. போட்டி வந்தால் தரம் தானாக ஏறும் என்று கொழுந்தனார் எனக்குப் பொருளாதாரம் கற்பித்தார்.

மாமியார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சோபாவிலிருந்து கேட்டார்.

"ஏண்டா, கடைக்காரங்க கண்ணு முன்னாடியா தராசைக் காட்டுனீங்க?"

"காட்டாம எப்படிம்மா எடை போடுறது?" என்றார் என் கணவர். அம்மாவின் அறியாமை அவரை வருத்தியது.

வெற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சிரைக்க அந்தப் பெட்டியை மாடியேற்றினார்கள். இணைப்பு கொடுத்ததும் விசிறிகள் விமானம் கிளம்புவதுபோல இரைந்தன. அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள். ஏனென்று தெரியாமலே நானும் கை தட்டினேன். மாமியார்கூட எட்டிப் பார்த்தார். அப்போது பெட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். கருகல் வாடை. மெஷின் அடங்கியது.

திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பிஸ்கட் பாக்கெட் அளவுக்கு ஒரு சர்க்யூட். மீதி இடமெல்லாம் சிமென்ட். ஓரம்கூடப் பிசிறில்லாமல் பூசியிருந்தார்கள்.

"நல்ல சிமென்ட்ண்ணா," என்றார் கொழுந்தனார், தடவிப் பார்த்துவிட்டு. "இவ்வளவு சூட்டுலயும் ஒரு விரிசல் இல்ல."

மெஷின் படுத்துவிட்டதால் இனி அறை தமக்குத்தான் என்று மாமியார் தலையணையோடு வந்து நின்றார். சிமென்டைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"எடைதானே உங்க கணக்கு? என்னையும் அந்தக் கொக்கியில மாட்டிப் பாருங்கடா. கனம் போதும்னா ரூமுக்குள்ள விடுங்க. தினம் வேர்த்து வேர்த்துப் பாதி ஆளாயிட்டேன், பாக்குறதைச் சீக்கிரம் பாருங்க."

கொழுந்தனார் சிரித்துவிட்டார். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. பதவிக்குரிய நிதானத்தோடு யோசித்து, அடுத்த பவர் சப்ளை கிடைக்கும்வரை மெஷின் அங்கேயே இருக்கட்டும், ஏசியும் ஓடட்டும் என்று தீர்ப்பளித்தார்.

"ஓடாத மெஷினுக்கு எதுக்குங்க ஏசி?" என்றேன்.

"அடிபட்டுக் கிடக்கு. இப்பதான் நல்லா பாத்துக்கணும்," என்றவர், குளிர் வெளியேறிவிடாமல் கதவை மெல்லச் சாத்தினார். பிறகு தலையணையோடு நின்றவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் நான்கு பக்கமும் "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெற்றவள் மேல் யாரும் அப்படி எழுதி அனுப்பவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?